ஷாக்கும் இல்லை, ஷோக்கும் இல்லை

எங்கள் ரோட்டைச் சுரண்டிப் போட்டு இன்றோடு 26 நாள். புதுத் தார் போடுவதற்கு முன்னால் பழைய தாரை மெஷினை விட்டுச் சீவி எடுப்பார்களே, அது. மில்லிங் என்கிறார்கள். சீவுகிறவர்கள் ஒரே ராத்திரியில் சீவிவிட்டுப் போய்விட்டார்கள். போடுகிறவர்கள் இன்னும் வரவில்லை. தேங்காய்த் துருவியைப் படுக்கப் போட்ட மாதிரி கிடக்கிறது தரை. பைக்கில் போகிறவர்கள் டயர் தன் இஷ்டத்துக்கு இழுக்கிறது என்று திட்டுகிறார்கள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பேசினால், டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி குரல் நடுங்கி வருகிறது.

இந்த ரோட்டில் நான் தினமும் போவது குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் இல்லாத ஒரு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் வகை, சைக்கிளில். தண்டையார்பேட்டையில் வீடு, மணலியில் வேலை. போக வர 16 கிலோமீட்டர். போன வாரம் கண்டெய்னர் யார்டு வாசலில் கையை உதறிக்கொண்டே சைக்கிளை நிறுத்தினேன். கூட வேலை பார்க்கிற தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணே, ஷாக் வெச்ச சைக்கிளு ஒண்ணு வாங்கிக்கினா இன்னா? துட்டைச் சேத்து வெச்சு எங்க எடுத்துனு போவப் போற?" என்றான். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் ட்ரெய்லர் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஷாக் வைத்த சைக்கிளையும் வாங்கிப் பார்த்தவன்தான் தம்பி நான்.

2018 தீபாவளிக்கு முன்னால், போனஸ் வந்த கையோடு, பாரிமுனைப் பக்கம் ஒரு பெரிய கடையில் 13,500 ரூபாய் கொடுத்து எடுத்தேன். முன்னால் ரெண்டு குழாய் ஷாக், சீட்டுக்கு அடியில் சிவப்பு ஸ்பிரிங். நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். கடைக்காரர் ஹேண்டில் பாரைப் பிடித்து ரெண்டு அமுக்கு அமுக்கிக் காட்டினார். புஸ் புஸ்ஸென்று அழகாக இறங்கி ஏறியது. அந்த ரெண்டு அமுக்கில் விழுந்தேன்.

முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்க்காற்று அடிக்கிற நேரத்தில் எழுந்து நின்று மிதித்தால், மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு செயினுக்குப் போகிறது, ஒரு பங்கு அந்தச் சிவப்பு ஸ்பிரிங்குக்குப் போகிறது. ஊஞ்சலைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது. நல்ல ஷாக்கில் ஸ்பிரிங்கோடு எண்ணெயும் இருக்கும். அமுங்கின ஸ்பிரிங் ஒரேயடியாகத் துள்ளி எழாதபடி அந்த எண்ணெய்தான் பிடித்துப் பிடித்து விடும். நான் வாங்கினதில் வெறும் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கும்போது ஒரு அடி, ஏறினதும் பின்னாலிருந்து கழுதை உதைக்கிற மாதிரி இன்னொரு அடி. ஒரு பள்ளத்துக்கு ரெண்டு பள்ளம் லாபம்.

ஆறு மாதத்தில் உப்புக்காற்று வேலையைக் காட்டியது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பளபளத்த குழாய்களில் முதலில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி விழுந்தது. அப்புறம் ரப்பர் வளையம் கிழிந்தது. உள்ளே தண்ணீர் போனது. அடுத்த ஐப்பசி மழை முடிந்தபோது முன் ஷாக் பாதி அமுங்கின வாக்கில் இறுகி நின்றுவிட்டது, முட்டி போட்டு உட்கார்ந்த ஒட்டகம் மாதிரி.

சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற பாயிடம் கொண்டுபோனேன். பாய் கடை என்றால் கடை இல்லை. ஒரு தள்ளுவண்டிப் பெட்டி, ஒரு கைப்பம்பு, பஞ்சர் பார்க்க அழுக்குத் தண்ணீர் நிறைந்த ஒரு இரும்புச் சட்டி, மேலே சாக்கு. 40 வருஷமாக அதே இடம். குழாயைத் தட்டினார், எண்ணெய் விட்டார், ஹேண்டில் பார்மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினார். ஒரு நூலளவு இறங்கவில்லை. பீடியைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, இது ஷாக்கு இல்ல. ஷோக்கு."

ஆக, ஷாக் வைத்த சைக்கிள் வாங்கின ஒரே வருஷத்தில் நான் ஷாக் இல்லாத சைக்கிளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எடை மட்டும் குறையவில்லை. கடைசியில் பழைய இரும்புக் கடையில் தராசில் ஏற்றினபோது 18 கிலோ காட்டியது. கிலோ 24 ரூபாய். 432 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதில் 32 ரூபாய்க்கு டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். மீதி 400ஐ என்ன செய்தேன் என்று வீட்டம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

இப்போது ஓட்டுவது பாய் பிடித்துக் கொடுத்தது. 1,800 ரூபாய். பச்சைப் பெயிண்ட், அதுவும் பிரஷ்ஷால் அடித்தது. ஸ்டிக்கர் எல்லாம் போய்விட்டதால் எந்தக் கம்பெனி என்று எனக்கே தெரியாது. இரும்பு ஃபிரேம், 26 இன்ச் வீல், பின்னால் மட்டும் ஆறு கியர். முன் வீலைப் பிடித்திருக்கிற ஃபோர்க் வெறும் இரும்புக் குழாய் ரெண்டு, நுனியில் கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருக்கும். அதில் அசைகிற பாகம் ஒன்றும் கிடையாது. அதனால் கெட்டுப்போகிற பாகமும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை பாய் ஓவராயில் பண்ணித் தருவார். ஓவர்ஹால் என்ற வார்த்தையை ஓவராயில் ஆக்கினவன் யாரோ தெரியாது, விஷயம் தெரிந்தவன். கப்பு, கோன் எல்லாம் கழற்றி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப கிரீஸ் வைத்து மூடுவதுதான் மொத்த வேலையே.

இந்த கிரீஸ் விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. நைட் ஷிஃப்டில் போனில் படித்தது. எம்டிபி சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் மாரின் என்ற மாவட்டம். அங்கே இருக்கிற மலைக்கு டமால்பைஸ் என்று பெயர். பேரிலேயே டமால் இருக்கிறது பாருங்கள். 1970களில் அந்த ஊர்ப் பையன்கள், அவர்களுடைய அப்பா காலத்துப் பழைய தடி டயர் சைக்கிள்களைக் குப்பையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் பொறுக்கி வந்து மலைமேல் ஏற்றி, மண் பாதையில் கீழே விட்டார்கள். 1976இல் அதையே பந்தயமாக நடத்த ஆரம்பித்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்தச் சைக்கிள்களில். மேலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் பின் வீல் நடுவில் இருக்கிற கிரீஸ் மொத்தமும் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் பாஷையில் ஓவராயில் ரோடு.

அடுத்த வருஷம், 1977இல், ஜோ பிரீஸ் என்கிறவர் இதற்கென்றே தனியாக ஃபிரேம் செய்தார். சைக்கிளுக்கென்று கடையில் போய் வாங்குகிற மாதிரி முன் ஷாக் வந்தது 1989இல்தான். ராக்ஷாக்ஸ் என்ற கம்பெனி. அதுவரைக்கும் பதிமூன்று வருஷம், மலையிலிருந்து பாறைமேல் குதித்து வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் என் பச்சை சைக்கிள் மாதிரி வெறும் குழாய் ஃபோர்க்கில்தான் வந்தார்கள். அதைப் படித்த அன்று காலையில் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து ஓட்டினேன். டோல்கேட் வரைக்கும்.

ஷாக்கே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. காற்று இருக்கிறது. டன்லப் என்கிற ஆள் ஒரு மாட்டு டாக்டர். அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்தவர். மகன் ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் கல்லில் தடதடக்கிறது என்று, ரப்பர் குழாயில் காற்றை அடைத்து வீலில் சுற்றிக் கொடுத்தார். 1888இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ரோட்டில் வருகிற அடியை முதலில் வாங்குவது அந்தக் காற்றுதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ரப்பருக்குள் காற்றை அடைக்கிற வேலை எங்கள் பக்கத்துக்கும் புதுசு இல்லை. இன்றைக்கு லாரி டயரில் எம்.ஆர்.எஃப். என்று போட்டிருக்கிறதே, அந்தக் கம்பெனி 1946இல் தொடங்கினது திருவொற்றியூரில், ஒரு கொட்டகையில், விளையாட்டு பலூன் செய்வதற்காக.

ஆனால் அந்தக் காற்றை எவ்வளவு அடிப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். கல்லு மாதிரி அடித்தால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, அமுங்கினால் "காத்து பத்தல" என்பார்கள். என் டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 35 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை என்று அச்சடித்திருக்கிறது. 65 அடித்த அன்று ரோட்டில் கிடக்கிற கடலைத் தோல்கூட முதுகெலும்பில் தெரியும். இப்போது முன்னால் 36, பின்னால் 42. என் எடை 74 கிலோ. சின்னதாக ஒரு அளவுமானி வாங்கி வைத்திருக்கிறேன். பாய் அதைப் பார்த்துச் சிரிப்பார். முன்னால் வெறும் ஆறு பாயிண்ட் குறைத்தால் மணிக்கட்டுக்குக் கிடைக்கிற நிம்மதி, 13,500 ரூபாய் ஸ்பிரிங்கில் எனக்குக் கிடைத்ததில்லை. ரொம்பக் குறைக்கவும் கூடாது. ஒரு தடவை ஆசைப்பட்டு 25க்கு இறக்கினேன். காலடிப்பேட்டை தாண்டி ஒரு பள்ளத்தின் விளிம்பில் ரிம் நேராகப் போய் டியூபை நசுக்கிவிட்டது. பாய் டியூபைச் சட்டித் தண்ணீரில் முக்கினார். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு வரிசையாகக் குமிழி வந்தது. "பாரு, ரெண்டு பல்லு. பாம்பு கட்ச்சிக்கீது," என்றார். ஒரு பஞ்சருக்கு ரெண்டு ஒட்டுக்குக் காசு வாங்கினார்.

காலடிப்பேட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அதற்கும் யார் காலடிக்கும் சம்பந்தம் இல்லை. 1717இலிருந்து 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த காலெட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர், காலெட் பேட்டை. நம் ஆட்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. ஓவராயில் மாதிரிதான்.

சரி, ஓட்டுகிற முறைக்கு வருகிறேன். இதுதான் அந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைத்தது.

பச்சை சைக்கிளை வாங்கின முதல் வாரம் உடம்பே கழன்றுவிட்டது. சாயங்காலம் சோற்றைப் பிசைந்தால் கை நடுங்கும். பாயிடம் போய்ப் புலம்பினேன். அவர் என்னை அந்தச் சந்திலேயே ஒரு தடவை போய்வரச் சொன்னார். போய் வந்தேன். "மூட்டை மாதிரி குந்திக்கினுகீறியே. சைக்கிளு இன்னா பண்ணும், மூட்டையை அட்ச்சிக்கினுதான் போவும்," என்றார். பிறகு அவரே ஏறினார். 70 வயது ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. பள்ளம் வருவதற்கு நாலடி முன்னால் சீட்டிலிருந்து ரெண்டு விரக்கடை எழுந்தார். பெடல் ரெண்டும் தரைக்குச் சமமாக, கடிகாரத்தில் ஒன்பதேகால் மாதிரி. முட்டி மடங்கியிருக்கிறது, முழங்கை வெளிப்பக்கமாக மடங்கியிருக்கிறது. சைக்கிள் அவருக்குக் கீழே இறங்கி ஏறியது. அவர் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தால்கூடத் தளும்பியிருக்காது.

இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் காட்டினார். "ஹேண்டில் பாரை இப்டி இறுக்கிப் புடிக்காதே. கோயிக்குஞ்சைப் புட்ச்சா மாதிரி புடி. வுட்டா ஓடிரும், அமுக்குனா செத்துரும். முட்டி எதுக்குக் கீது? ஆண்டவன் குட்த்த ஷாக்கு அது. சர்வீஸ் சார்ஜு கெடையாது."

இதை நான் முழுசாக நம்பினது ஒரு முட்டை விஷயத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடையில் ஒரு அட்டை முட்டை, 30, வாங்கி கேரியரில் துணியெல்லாம் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். ரொம்ப மெதுவாகத்தான் வந்தேன். வீட்டில் அவிழ்த்தால் பதினொன்று காலி. மஞ்சள் கரு மட்கார்டு வழியாக ஒழுகி பிரிவீல் வரைக்கும் போயிருக்கிறது. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, வழியிலயே கலக்கி போட்டு எடுத்துனு வந்துட்டீங்களா?" என்றாள். அடுத்த ஞாயிறு அதே கடை, அதே ரோடு, அதே 30 முட்டை. இந்தத் தடவை அட்டையை முதுகுப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். வழக்கமான வேகத்தில் வந்தேன், பள்ளம் வந்த இடத்திலெல்லாம் எழுந்து நின்றேன். ஒன்றுதான் உடைந்திருந்தது. அதுவும் வீட்டில் பையைக் கழற்றும்போது கதவு நிலையில் இடித்து உடைந்தது. கேரியர் வாங்கின அடியும் என் பாதம் வாங்கின அடியும் ஒரே அடிதான். அது பாதத்திலிருந்து முதுகுக்கு வருவதற்குள் கணுக்கால், முட்டி, இடுப்பு என்று மூன்று இடத்தில் தீர்ந்துபோகிறது.

என் வேலை கண்டெய்னர் சர்வே. திரும்பி வருகிற காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை என்று எழுத வேண்டும். உள்ளே போய்க் கதவை மூடச் சொல்லுவேன். கும்மிருட்டில் ஊசிமுனை வெளிச்சம் எங்காவது தெரிந்தால் ஓட்டை. பக்கத் தகட்டில் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத நசுங்கல் கைக்குத் தெரியும். 15 வருஷப் பழக்கம். ஷாக் இல்லாத சைக்கிளில் ரோடும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. சுண்ணாம்பு மூட்டை மாதிரி உட்கார்ந்து ஷாக்கில் போனபோது ரோடு என்றால் ஒரே ரோடுதான். இப்போது தண்டையார்பேட்டையிலிருந்து மணலி வரைக்கும் எனக்கு ஏழெட்டு விதமான ரோடு. மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் புதுசாகப் போட்ட தார், கை சும்மா இருக்கும். சிமெண்ட் பலகை போட்ட இடத்தில் பலகைக்குப் பலகை டக், டக். சிக்னல் வருவதற்கு முன்னால் ட்ரெய்லர்கள் பிரேக் அடித்து அடித்துத் தார் மாவு மாதிரி குவிந்து முதுகு எடுத்திருக்கும். அதன் ஓரத்தில் டயர் நீளவாக்கில் மாட்டினால் அவ்வளவுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் ரோட்டில் இரும்புத் தூள். அங்கே கைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் டயர் சப்பையாக இருக்கும்போதுதான் தெரியும்.

முன்னால் போகிற ஷேர் ஆட்டோவையும் பார்த்துக்கொண்டே போவேன். இருபதடி விட்டுப் பின்னால் போனால் அதன் பின்பக்கம் எங்கே குனிகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். அது விழுந்து காட்டுகிற பள்ளத்தில் நான் விழ வேண்டியதில்லை. இது மழைக்காலத்தில் கற்றுக்கொண்டது, பல்லில் அடிபட்டு.

டிசம்பர் மாதம், ரயில்வே சுரங்கப்பாதை இறக்கம். முழங்கால் அளவுகூட இல்லை, கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். நேற்று வரைக்கும் அங்கே பள்ளம் கிடையாது என்கிற தைரியத்தில் உட்கார்ந்தபடியே விட்டேன். நேற்று ராத்திரி யாரோ எதற்கோ தோண்டிவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். பலகை இல்லை, கொடி இல்லை, ஒரு செடியைப் பிடுங்கிக்கூட நட்டு வைக்கவில்லை. முன் வீல் உள்ளே போனது. நான் ஹேண்டில் பாருக்கு மேலாகப் போனேன். கீழ் உதட்டில் மூன்று தையல், முன்பல்லில் ஒரு சில்லு. ரிம் எட்டு போட்டுவிட்டது. தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனார். பாய் ரெண்டு நாள் கோட்டம் எடுத்தும் அந்த ரிம் நேராகவில்லை. ஃபோர்க் மட்டும் அப்படியே இருந்தது. ஷாக் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டேனா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளத்துக்கு லாரியே விழும். ஆனால் எழுந்து நின்றிருந்தால் ஒருவேளை உதடாவது தப்பியிருக்கும். அன்றிலிருந்து ஆழம் தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடுவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், பேண்ட் நனைந்தால் நனையட்டும்.

கையை உதறினதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. மில்லிங் ஆன பத்தாவது நாள் இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போயின. சட்டைப் பித்தான் போடக் கை தடுமாறியது. தெரிந்த பிசியோதெரபி அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, முழங்கையை எங்காவது இடித்தால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக வருகிறது, அதன்மேல் பாரத்தைப் போட்டு மணிக்கணக்கில் குலுக்கினால் மரத்துத்தான் போகும் என்றார். மொத்தமான ரப்பர் கிரிப் போட்டேன். ஹேண்டில் பாரை ஒரு அங்குலம் ஏற்றினேன். சீட்டின் மூக்கு கீழே பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் உடம்பு முன்னால் வழுக்கிக் கையில் விழுந்திருக்கிறது. அதையும் நிமிர்த்தினேன். விரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. மீதி கால்வாசிக்குத்தான் உதறல்.

அதனால் எல்லாரும் ஷாக் இல்லாத சைக்கிளுக்கு மாறுங்கள் என்று சொல்ல வரவில்லை. முதுகுத் தண்டில் பிரச்சினை இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். நல்ல ஷாக் நல்லதுதான். பாறையில் வேகமாக இறங்கும்போது டயரைத் தரையிலிருந்து எழும்ப விடாமல் அமுக்கி வைப்பதற்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது. ஆனால் அந்த மாதிரி ஷாக் ஒன்றின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். 50 மணி நேரம் ஓட்டினால் ஒரு தடவை கீழ்க்குழாயைப் பிரித்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு 50 மணி நேரம் என்பது ரெண்டு மாதம்தான். நான் திட்டுவதெல்லாம் ஷாக் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிற ஸ்பிரிங்கை.

என் பெரியப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் இருந்தவர். நாள் முழுக்க புல்லட் வண்டிக்கு ஷாக் மாட்டிவிட்டு, சாயங்காலம் கட்டை சைக்கிளில் வீட்டுக்கு வருவார். எனக்குக் குரங்கு பெடல் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்து, "முட்டியை வுடு, முட்டியை வுடு" என்று கத்துவார். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை. முட்டியை எங்கே விடுவது என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு காலைகளில் இந்த சைக்கிளுக்கும் ஒரு சந்தோஷம் கொடுப்பேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பிடித்து, கடலை மறித்துக் கொட்டியிருக்கிற கருங்கல்லை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, எர்ணாவூர், கத்திவாக்கம், நெட்டுக்குப்பம், அப்புறம் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம். ஐந்தரைக்குக் கிளம்பினால் கண்டெய்னர் வரிசை தூங்கிக்கொண்டிருக்கும், டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்ற வைத்திருப்பார்கள். முகத்துவாரத்து மணலில் காய்ந்த இடத்தில் போனால் புதையும். அலை வந்து போன ஈரத்தில் போனால் சிமெண்ட் தரை மாதிரி ஓடும். கை ரெண்டும் சும்மா கிடக்கும். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எதிர்க்கரையில் நிற்கும். வலை காயப்போடுகிற அண்ணன் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உப்பு புட்ச்சிரும்பா, கழுவிடு" என்பார். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ரெண்டு வாளி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய். சீட்டுக் குழாயை மாதம் ஒரு தடவை உருவி கிரீஸ் தடவவில்லை என்றால் அது ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆக்சா பிளேடுதான்.

இதை எழுத ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமை. நேற்று ராத்திரி ஒருவழியாகத் தார் போட்டுவிட்டார்கள். இன்று காலை ஆறு மணிக்கு, இன்னும் சூடு ஆறாத வாசனையோடு, அல்வா மாதிரி கிடந்தது ரோடு. பத்து நிமிஷம் கையில் ஒன்றுமே தெரியவில்லை, எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சீவினது ரெண்டு அங்குலம் என்றால், போட்டது நாலு இருக்கும்போல. பாதாளச் சாக்கடை மூடிகள் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ரெண்டு மூணு விரக்கடை கீழே, வட்டமாக, விளிம்பு கத்தி மாதிரி. வீட்டிலிருந்து டோல்கேட் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். ஏழு. அஞ்சு இடது பக்கம், ரெண்டு நடுவில். மூன்றாவது டீக்கடைக்கு நேர் எதிரே இருக்கிறது, அதில்தான் இன்று எழுந்து நிற்க மறந்தேன்.